தேவாலா ‘தங்கச் சுரங்க நடை’: தங்கத்தை மறந்துவிட்டுப் போனால் காசுக்கு மோசமில்லை

நீலகிரி மாவட்டக் கூடலூரிலிருந்து நாடுகாணி தாண்டி தேவாலா, பந்தலூர் பக்கம் ஹோம்ஸ்டே வைத்திருக்கும் சிலர் ‘தங்கச் சுரங்க நடை’ என்று ஒன்றைக் கூட்டிப்போகிறார்கள். அதில் ஒன்றுக்குப் போய்வந்தேன். ஆளுக்கு 900 ரூபாய், காலை டிபனும் மதியப் பொட்டலமும் அதிலேயே சேர்த்தி. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மதியம் இரண்டு மணிவாக்கில் திரும்பலாம். நடை அருமை, கூட்டிப்போன அண்ணன் அதைவிட அருமை, வாட்ஸ்அப்பில் அனுப்பும் விளம்பரம் மட்டும் கலப்படமில்லாத பொய்.

விளம்பரத்தில் இருப்பது இதுதான்: வெள்ளைக்காரன் டன் கணக்கில் தங்கம் அள்ளிக்கொண்டு போன சுரங்கம், உள்ளே போய்ப் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பொட்டுத் தங்கம் உங்களுக்கும் கிடைக்கும். மூன்றும் தப்பு. டன் கணக்கில் யாரும் எதையும் அள்ளவில்லை, உள்ளே போகக் கூடாது, தங்கம் கிடைக்காது. இதில் எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம், ஏனென்றால் நிஜத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் நடந்தது விளம்பரக் கதையைவிட நூறு மடங்கு சுவாரசியம். அதை வைத்தே ஆள் பிடிக்கலாம். ஏனோ அந்த யோசனை இவர்களுக்கு வரவில்லை.

கதை என்னவென்றால், இங்கே ஓடைகளில் மண்ணை அலசித் தங்கப் பொடி எடுப்பது வெள்ளைக்காரன் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த வேலை. இங்குள்ள பழங்குடிகளான பணியர்களும் குறும்பர்களும் மரத்தட்டில் மணலைச் சுழற்றிச் சுழற்றி எடுத்திருக்கிறார்கள். இந்த ஓடைத் தண்ணீரெல்லாம் கீழே நிலம்பூர் பக்கம் இறங்கிச் சாலியாற்றில் சேருகிறது, அங்கேயும் மணலில் தங்கப் பொடி உண்டு. இந்தப் பகுதி அப்போது வயநாட்டோடு சேர்ந்து மலபார் மாவட்டத்தில் இருந்தது, 1877இல்தான் நீலகிரிக்கு வந்தது. அந்த நேரத்தில் இங்கிருந்த காபித் தோட்டங்களில் தண்டுத் துளைப்பான் பூச்சியும் இலைத்துரு நோயும் பிடித்துத் துரைமார்கள் கடனில் முழுகிக்கொண்டிருந்தார்கள். சரியாக அப்போது, 1879இல், ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் முன்பு சுரங்கத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த ராபர்ட் பிரஃப் ஸ்மித் என்பவரை அரசாங்கம் வரவழைத்து ஆராயச் சொன்னது. மனிதர் பாறைகளைச் சோதித்துவிட்டு நல்லபடியாக அறிக்கை எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான், லண்டனில் பற்றிக்கொண்டது. டஜன் கணக்கில் கம்பெனிகள், பங்குக்கு அடிதடி. இங்கே செத்துக்கொண்டிருந்த காபித் தோட்டமெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகத் தங்க வயல் ஆகி, கொள்ளை விலைக்குக் கைமாறியது. கம்பெனி திரட்டிய முதலீட்டில் பெரிய பங்கு நிலத்தை விற்றவன் பாக்கெட்டுக்கும் தரகன் பாக்கெட்டுக்கும் போய்விட்டது. மீதியில் இயந்திரம் வாங்கி மலையேற்றிக் கொண்டுவந்து பாறையை இடித்துப் பார்த்தால், சோதனையில் சொன்ன அளவில் ஒரு துளிதான் வந்தது. சில வருஷத்துக்குள் கடையைக் கட்டினார்கள். இங்கே வெட்டி எடுத்ததெல்லாம் லண்டன்காரன் சேமிப்புப் பணத்தைத்தான். இதே 1880களில் கோலாரில் தோண்டியவர்களுக்கு அதிர்ஷ்டம் அடித்து, அது 2001 வரை ஓடியது தனிக்கதை.

இதில் பாதியை எங்களுக்குச் சொன்னது கூட்டிப்போன அண்ணன். அவருடைய தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்து டேன்டீ என்கிற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். கூடலூர், பந்தலூர் பக்கம் நிறையக் குடும்பங்களின் கதை இதுதான். காடு, காபி, தங்கம், தேயிலை என்று இந்த மண்ணில் யார் யார் எதற்காக வந்து என்ன ஆனார்கள் என்பதை அவர் நடந்துகொண்டே சொன்னது, மேடைப் பேச்சு மாதிரி இல்லாமல், பக்கத்து வீட்டுத் தகராற்றைச் சொல்கிற தொனியில் இருந்தது. கூடவே ஒரு பணியர் தம்பியும் வந்தார். அதிகம் பேசவில்லை. ஆனால் முன்னால் நடந்தவர் அவர்தான், எல்லாரையும் நிறுத்தியவரும் அவர்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

பாதை முதலில் தேயிலைக்கு நடுவே, அப்புறம் சில்வர் ஓக்கும் மிளகுக் கொடியுமாகக் கொஞ்ச தூரம், அதற்கப்புறம் ஓடையோரமாக அடர்ந்த காட்டுக்குள் இறங்குகிறது. இறங்குவது சுலபம், முழங்கால் பிரச்சினை உள்ளவர்களுக்குத் திரும்பி ஏறும்போதுதான் பாடு. முழுக்கப் பட்டா நிலம், தோட்ட நிலம் வழியாகத்தான் போகிறது. வனத்துறை நிலத்துக்குள் அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது என்பதில் அண்ணன் கறாராக இருந்தார். 2018இல் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்களைப் பலிவாங்கிய காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறையே வந்துவிட்டது, ஆகவே ‘நான் பார்த்துக்கறேன் சார், வாங்க’ என்று யாராவது காட்டுக்குள் கூப்பிட்டால் போகாதீர்கள்.

சுரங்கத்துக்கு வருவோம். மலைச்சரிவில் ஆள் குனிந்து போகிற அளவில் ஒரு வாய், மேலே பெரணியும் வேரும் தொங்குகின்றன, உள்ளிருந்து குளிர்ந்த காற்றும் வௌவால் எச்ச வாடையும் வருகிறது. வாசலில் பத்தடி தள்ளியே அண்ணன் நிறுத்திவிட்டார். முன்பதிவு செய்தபோது போனில் பேசியவர் உள்ளே கூட்டிப்போவோம் என்று சொன்னாரே என்று கூட வந்த ஒருவர் சண்டை பிடித்தார். அண்ணன் அசரவில்லை. ‘சார், அவரு ஆபீஸ்ல உட்கார்ந்து சொல்லுவாரு. உள்ள மண்ணு விழுந்தா தோண்டி எடுக்கப் போறது நான்’ என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தேவாலா பக்கம் கைவிட்ட சுரங்கங்களில் இன்றைக்கும் திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவர்கள் உண்டு, மண் சரிந்து செத்திருக்கிறார்கள், போலீஸும் வனத்துறையும் பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். இதைவிடப் பயங்கரம், கிணறு போல நேர்கீழாக வெட்டிய குழிகள். செடி மூடிக் கிடப்பதால் விளிம்பு எங்கே என்றே தெரியாது. பாதையை விட்டு விலகி ஒன்றுக்குப் போகக்கூட அவரைக் கேட்டுவிட்டுப் போனது அதனால்தான். பெண்கள் கவனிக்க: வழியில் கழிப்பறை கிடையாது, கிளம்புமுன் முடித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சுரங்க வாயைவிட, அதன் கீழே குவிந்து கிடந்த கல். வெள்ளைக் குவார்ட்ஸ், அங்கங்கே துரு படிந்தது போலச் செம்பழுப்பு. அண்ணன் ஒரு துண்டை எடுத்து வெயிலில் திருப்பிக் காட்டினார். உள்ளே குட்டிக் குட்டியாகச் சதுரப் பொந்துகள். அதில் ஒரு காலத்தில் கந்தகமும் இரும்பும் கலந்த கனிமம் இருந்தது, மழையிலும் காற்றிலும் கரைந்துபோய்த் துருவும் பொந்தும் மட்டும் மிச்சம். மேல்மட்டத்தில் இப்படிக் கரைந்து விடுபட்ட தங்கம், நுணுக்கிப் பாதரசத்தில் ஓடவிட்டால் சட்டென்று ஒட்டிக்கொள்ளும், சோதனைக்கும் நன்றாகத் தெரியும். ஆழம் போகப் போக அந்தக் கனிமம் கரையாமல் அப்படியே இருக்கிறது, தங்கத்தைப் பிடித்த பிடியில் விடாது, பாதரசத்துக்கும் வராது. மேலே கிடைத்ததை வைத்துக் கீழேயும் அப்படியே இருக்கும் என்று கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதை அந்த ஒரு கல்லை வைத்தே புரியவைத்துவிட்டார். பக்கத்தில் ஒரு பையன் ‘கோல்டு, கோல்டு’ என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான், பார்த்தால் காக்காப்பொன். நகத்தால் கீறியதும் ஏடு ஏடாக உரிந்து வந்தது. பையன் முகம் சுருங்கினாலும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான், அண்ணன் பார்க்காதது போல இருந்துவிட்டார்.

அட்டை. இதைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். தேவாலா தென்மேற்குப் பருவமழையில் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பதிவாகும் ஊர்களில் ஒன்று, ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இந்தப் பக்கம் நடை என்ற பேச்சே வேண்டாம். மழை விட்ட பிறகும் ஓடையோர இலைச்சருகில் அட்டை நிமிர்ந்து நின்று ஆட்டிக்கொண்டே காத்திருக்கும். 50 ரூபாய் வாடகைக்கு ‘அட்டை சாக்ஸ்’ என்று ஒன்று தந்தார்கள். பின்னல் துணி, கண்ணி கண்ணியாக இருக்கிறது, நூல் போல மெலிந்த குட்டி அட்டை அதன் வழியே ஜாலியாக உள்ளே போகிறது. நெருக்கமான நெசவுள்ள பருத்தித் துணியில் முழங்கால்வரை வருவதுதான் வேலைக்கு ஆகும், அதை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், அந்த 50 ரூபாயை மிச்சம் பிடியுங்கள். பணியர் தம்பி சாக்ஸே போடவில்லை. புகையிலை ஊறிய தண்ணீரைக் காலில் தடவிக்கொண்டு வந்தார், அவர் காலில் ஒன்றுகூட ஏறவில்லை. என் கணுக்காலில் ஏறியதைப் பிய்க்காமல் உப்புப் பொட்டலத்தை வைத்து விழவைத்தார். வலியே இல்லை, ரத்தம்தான் நிற்க நேரமாகியது.

திரும்பும் வழியில் மூங்கில் புதர் ஒன்றின் பக்கத்தில் அந்தத் தம்பி கையைத் தூக்கினார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாதையில் யானை லத்தி, ஆவி பறக்கிறது, பக்கத்தில் ஒடித்துப் போட்ட மூங்கில் ஈரம் காயவில்லை. அப்படியே சத்தமில்லாமல் திரும்பி எஸ்டேட் ரோடு வழியாகச் சுற்றிவந்தோம். விளம்பரத்தில் இருந்த ‘வியூ பாயின்ட்’ அதனால் போயிற்று. அதற்காக ஹோம்ஸ்டேயில் காசு திருப்பிக் கேட்டவர்களும் எங்கள் கூட்டத்தில் இருந்தார்கள். யானையிடம் கேட்கச் சொல்லியிருக்கலாம்.

சாப்பாடு: காலையில் புட்டும் கடலைக் கறியும் கட்டன் சாயாவும் பிரமாதம், இன்னொரு குழாய் புட்டு கேட்டபோது முகம் சுளிக்காமல் வைத்தார்கள். மதியப் பொட்டலம் ஆறிப்போன எலுமிச்சை சாதம், ஊறுகாய்கூட இல்லை. காந்தாரி மிளகாய் வீட்டுக்கு வீடு காய்க்கிற ஊரில் ஒரு சம்மந்தித் துவையல் அரைத்து வைக்க என்ன கஷ்டமோ.

பெரிய குறை வேறு ஒன்று. கொடுத்த 900இல் அண்ணனுக்கும் தம்பிக்கும் என்ன போகிறது என்று கேட்டேன், சிரித்து மழுப்பிவிட்டார்கள். விளம்பரத்தில் அவர்கள் பெயரும் இல்லை, படமும் இல்லை. தொப்பி போட்ட வெள்ளைக்காரன் படம் இருக்கிறது. நடையைத் தாங்கி நிற்பவர்கள் இவர்கள் இருவர்தான், இவர்கள் இல்லாமல் வேறு யாராவது கூட்டிப்போனால் இது வெறும் குழியும் அட்டையும்தான். முன்பதிவு செய்யும்போதே யார் வருகிறார்கள் என்று கேளுங்கள், உள்ளூர்க்காரர் இல்லையென்றால் வேறு தேதி கேளுங்கள்.

போகிறவர்களுக்கு: டிசம்பரிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை நல்லது. வெளியூர் வண்டி என்றால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுத்தாக வேண்டும், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் செக்போஸ்டிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். மைசூர் பக்கமிருந்து வந்தால் பந்திப்பூரில் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறுவரை ரோடு அடைப்பு, முந்தின நாள் சாயங்காலமே வந்து சேருங்கள். பஸ்ஸில் வருபவர்களுக்குக் கூடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பந்தலூர், சேரம்பாடி வண்டிகள் இருக்கின்றன. பத்து வயதுக்குக் கீழ் பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டாம். காட்டுக்குள் சிக்னல் வராது, ஜிபே வேலை செய்யாது, ஆகவே அந்த இருவர் கையில் கொடுக்கச் சில்லறை நோட்டாக எடுத்துப் போங்கள். ஆபீஸில் கொடுக்காதீர்கள்.