60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு ஃபிரேம் ஜெனரேஷன் எதுக்கு?

கேம் நிஜமாக வரைகிற ரெண்டு ஃபிரேமுக்கு (படத்துக்கு) நடுவில் ஒன்றைக் கணித்துச் செருகுவதுதான் ஃபிரேம் ஜெனரேஷன். செகண்டுக்கு 60 படம் மட்டும் காட்டுகிற 60 ஹெர்ட்ஸ் திரைக்கு அது உதவுமா என்று பார்ப்பதுதான் ரெண்டு வாரமாகக் கொழிஞ்சாம்பாறை வீட்டில் ராத்திரி வேலை. என்னிடம் 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு போட்ட பழைய பிசி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். பொள்ளாச்சியிலிருந்து லீவுக்கு வந்த மாமா பையனிடம் ஆர்டிஎக்ஸ் 3050, 144 ஹெர்ட்ஸ் திரை உள்ள லேப்டாப். ரெண்டையும் ஒரே மேஜையில் வைத்து கோஸ்ட் ஆஃப் சுஷிமா ஓட்டினோம். புல்லும் காற்றுமாகவே இருக்கிற சாமுராய் கேம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தென்னை ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இலை ஆட்டம் கொஞ்சம் பிசகினாலும் கண்ணில் பட்டுவிடும்.

முதலில் அப்ஸ்கேலிங், அதாவது படத்தைச் சின்னதாக வரைந்து திரை அளவுக்குப் பெரிதாக்குவது. 1650-இல் ஏஐ கணக்குக்கான டென்சர் கோர் கிடையாது, அதனால் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் பேச்சே இல்லை. மிச்சம் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆரும் இன்டெலின் எக்ஸ்இஎஸ்எஸ்ஸும். ரெண்டிலும் 'குவாலிட்டி' என்கிற செட்டிங்கை வைத்துவிட்டு எது வேகம் என்று சண்டை போடுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: 1080பி திரையில் எஃப்எஸ்ஆர் குவாலிட்டி 1280×720-இல் வரைகிறது, எக்ஸ்இஎஸ்எஸ் 1.3-இலிருந்து அதே பெயருக்குச் சுமார் 1129×635 தான். சமமாகப் பார்க்கணும் என்றால் எக்ஸ்இஎஸ்எஸ்ஸில் 'அல்ட்ரா குவாலிட்டி' வைக்கணும். அப்படி வைத்தால் அது எஃப்எஸ்ஆரைவிட மெதுவாகத்தான் போகிறது, ஏனென்றால் இன்டெல் ஆர்க் அல்லாத கார்டில் டிபி4ஏ என்கிற பொது வழியாக ஓடும்போது பாரம் கூடுதல். ஆனால் எஃப்எஸ்ஆரில் தூரத்துப் புல் எறும்பு மொய்க்கிற மாதிரி மினுமினுக்கிறது, இதில் அடங்கிக் கிடக்கிறது. எனக்கு எக்ஸ்இஎஸ்எஸ் போதும்.

அப்புறம் ஃபிரேம் ஜெனரேஷன். என் பிசியில் எஃப்எஸ்ஆரின் ஃபிரேம் ஜெனரேஷனைப் போட்டதும் 30 சொச்சத்தில் இருந்த எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃபிரேம் என்கிற எண்) 60-ஐத் தாண்டியது. பையன் அஞ்சு நிமிஷம் விளையாடிவிட்டு, "ஏண்ணா, நம்பர் மட்டும் ஏறுது, வாள் லேட்டா வருதே" என்றான். சரிதான். இடையில் ஒரு ஃபிரேமைச் செய்து நுழைக்க, அடுத்த நிஜ ஃபிரேம் தயாராகும்வரை காட்சியைப் பிடித்து வைக்கணும். 30 எஃப்பிஎஸ்ஸில் ஒரு ஃபிரேமுக்கே 33 மில்லிசெகண்ட். ஏஎம்டியே முதலில் 60 இருக்கட்டும் என்றுதான் சொல்கிறது. 60 இருந்தால் என் மானிட்டர் அதற்கு மேல் காட்டப்போவதில்லை! போதாததற்கு 4 ஜிபி மெமரியிலும் அது பங்கு கேட்கிறது, டெக்ஸ்சரைக் குறைக்க வேண்டி வந்தது.

லேப்டாப்பில் கதையே வேறு. டிஎல்எஸ்எஸ்ஸின் சொந்த ஃபிரேம் ஜெனரேஷன் ஆர்டிஎக்ஸ் 40 சீரிஸ் கார்டுகளிலிருந்துதான், ஆனால் 2024-இல் வந்த எஃப்எஸ்ஆர் 3.1 அப்ஸ்கேலிங், ஃபிரேம் ஜெனரேஷன் என்ற ரெண்டு வேலையையும் பிரித்துவிட்டதால் படத்துக்கு டிஎல்எஸ்எஸ், இடை ஃபிரேமுக்கு எஃப்எஸ்ஆர் என்று கலந்து வைத்தோம். செட்டிங்கைக் குறைத்து 60 பக்கம் கொண்டுவந்த பிறகு போட்டபோது குதிரை ஓட்டம் வழுக்கிக்கொண்டு போனது, 144 ஹெர்ட்ஸ் திரைக்கு அப்போதுதான் வேலை வந்தது.

வெளியிலிருந்தே இடை ஃபிரேம் செருகுகிற லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்ற சாஃப்ட்வேரையும் பார்த்தோம். ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கணும், எந்த கேமிலும் ஓடும். எந்தப் பொருள் எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்கிற மோஷன் வெக்டர் எதுவும் கேம் உள்ளிருந்து அதற்குக் கிடைப்பதில்லை, முடிந்த படத்தை மட்டும் பார்த்து ஊகிக்கிறது. அதனால் கேமராவைச் சட்டென்று திருப்பினால் ஆளைச் சுற்றியும் எழுத்துகளைச் சுற்றியும் தண்ணீர் மாதிரி கலங்குகிறது. 30 எஃப்பிஎஸ்ஸில் பூட்டிய, முறை வைத்து ஆடுகிற பழைய டர்ன் பேஸ்டு கேம்களுக்கு மட்டும் அதை வைத்திருக்கிறேன், அங்கே வாளும் இல்லை, அவசரமும் இல்லை.