பூச்சிமருந்து தெளிப்பில் உடலைக் காப்பவை எவை? தெளிப்பான், கையுறை, முகக்கவசம்: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

பெரம்பலூர் மாவட்டத்துக் கரிசல் நிலத்தில் மானாவாரியாகப் பருத்தியும் மக்காச்சோளமும் பயிரிட்டு வருகிறேன். படைப்புழு 2018-இல் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, அதே பருவத்திலேயே நம் மக்காச்சோளத்துக்கும் வந்து சேர்ந்தபோது, பேட்டரியில் இயங்கும் 16 லிட்டர் முதுகுத் தெளிப்பான் ஒன்றையும் கையுறை, முகக்கவசம், கண்ணாடி, ரப்பர் காலணி ஆகியவற்றையும் வாங்கினேன். அதற்குப் பின் வந்த எல்லாப் பட்டங்களிலும் இவற்றைப் பயன்படுத்தியதில் எது உழைத்தது, எது மூலையில் கிடந்தது, எதற்குச் செலவிட்டது உண்மையில் உடலைக் காத்தது என்று எனக்குத் தெரிய வந்ததை இங்கே பதிவு செய்கிறேன். மூச்சைக் காப்பதற்குச் செலவிட்ட பணத்தைவிடத் தோலைக் காப்பதற்குச் செலவிட்ட பணமே அதிகப் பயன் தந்தது என்பது என் முடிவு. பெரும்பாலோர் இதை நேர்மாறாகவே செய்கிறார்கள்.

இந்தச் சாதனங்களை வாங்கத் தூண்டியது புழு மட்டுமன்று. மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017-இல் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அதே ஆண்டில் எங்கள் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்து தெளித்தவர்கள் உயிரிழந்தார்கள். யவத்மாலில் அந்த ஆண்டு பருத்திச் செடிகள் வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்ததும், முகத்தின் மட்டத்தில் தெளிக்க நேர்ந்ததும், பல மருந்துகளைக் கலந்து அடித்ததும் காரணங்களாகப் பேசப்பட்டன. முழங்கால் உயரப் பயிருக்குத் தெளிப்பதும் தோள் உயரப் பயிருக்குத் தெளிப்பதும் ஒரே வேலையல்ல என்பதைப் பருத்தி பயிரிடுவோர் எவரும் அறிவர். பாதுகாப்புச் சாதனங்களைப் பற்றிய அறிவுரைகளோ பெரும்பாலும் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

முதலில் தெளிப்பானைப் பற்றிச் சொல்கிறேன். கைநெம்புகோல் தெளிப்பானோடு ஒப்பிட்டால் பேட்டரித் தெளிப்பானின் பெரிய நன்மை, அழுத்தம் ஓரளவு சீராக இருப்பதும் ஒரு கை ஓய்வாக இருப்பதும் ஆகும். மக்காச்சோளத்தில் புழு குருத்துக்குள் ஒளிந்திருப்பதால் ஒவ்வொரு குருத்தையும் நோக்கித் தெளிகுழலை நிறுத்தி நிறுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு இந்தச் சீரான அழுத்தம் மிகவும் உதவுகிறது. குறை என்னவென்றால், மின்னேற்றம் குறையக் குறைய அழுத்தமும் மெல்லத் தளர்கிறது. தெளிப்பவர் அதை உணராமல் அதே வேகத்தில் நடந்துகொண்டிருப்பார். கடைசி வரிசைகளுக்கு மருந்து குறைவாகவே விழும். உடன் வந்த ஈய அமில பேட்டரியை வேலையில்லாத மாதங்களில் சும்மா வைத்துவிட்டால் அடுத்த பட்டத்தில் பாதி வேலைக்குக்கூடத் தாங்காது. மாதம் ஒருமுறை மின்னேற்றி வைப்பவர்களுக்கே அது நீடித்து உழைக்கிறது. பின்னர் மாற்றிய லித்தியம் பேட்டரி எடையும் குறைவு, தொல்லையும் குறைவு. விலை மட்டும் கூடுதல்.

இந்தத் தெளிப்பான்களின் உண்மையான ஆபத்து கசிவில் இருக்கிறது. மூடியின் ரப்பர் வளையம், கைப்பிடி விசையின் உள்வளையம், குழாய் இணையும் இடம் ஆகிய மூன்றும் முதலில் தேய்பவை. மூடியில் கசிந்தால் முதுகு நனையும். விசையில் கசிந்தால் உள்ளங்கை நனையும். வியர்வையில் ஊறிய சட்டைக்கும் மருந்தில் ஊறிய சட்டைக்கும் வேறுபாடு தெரியாத வெயிலில், முதுகில் ஒட்டிய ஈரத்தோடு ஓர் ஏக்கரை முடித்துவிட்டு வருபவர்களை எங்கள் ஊரில் சாதாரணமாகக் காணலாம். தோல் வழியாக ஏறும் நஞ்சு வாசனையால் எச்சரிப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு பட்டத்தின் தொடக்கத்திலும் வெறும் தண்ணீரை நிரப்பி, முதுகில் மாட்டி, களத்தில் நடந்து பார்த்த பிறகே மருந்து ஊற்றுகிறேன். வளையங்களின் விலை மிகக் குறைவு. அவற்றை வாங்கி வீட்டில் வைத்திருப்பது இந்த அனுபவப் பகிர்வில் நான் தரும் மிக மலிவான பரிந்துரை.

தெளிகுழலின் முனையிலுள்ள நாசிலையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். பூச்சிமருந்துக்கு நடுவில் வெற்றிடமுள்ள கூம்பு வடிவில் தெளிக்கும் நாசிலும், களைக்கொல்லிக்கு விசிறி வடிவ நாசிலும் பொருத்தமானவை. இரண்டுக்கும் ஒரே தெளிப்பானையே பயன்படுத்துவது நல்லதல்ல, களைக்கொல்லியின் எச்சம் பருத்தியைக் கருக்கிவிடும். பிளாஸ்டிக் நாசிலின் துளை தேய்வது கண்ணுக்குத் தெரியாது. ஒரு நிமிடம் அளவுக் குவளையில் பிடித்துப் பார்த்து, புதிய நாசில் தந்ததைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாக வந்தால் மாற்றிவிட வேண்டும் என்பது பொது விதி. ஏக்கருக்கு 200 லிட்டர் நீர் என்று கணக்கிட்டால், படைப்புழுவுக்கு அடிக்கும் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. (நீரில் கரையும் குருணை) மருந்தை 10 லிட்டருக்கு 4 கிராம் வீதம் கலக்கும்போது ஏக்கருக்கு 80 கிராம் ஆகிறது. தேய்ந்த நாசிலால் அதே நிலத்தில் 220, 230 லிட்டர் இறங்கினால் மருந்தும் அந்த அளவுக்குக் கூடுதலாகச் செலவாகும், தெளிப்பவர்மேல் படியும் துளிகளும் பெருகும்.

இனிக் கையுறை. மருந்து தெளிக்கும் நேரத்தைவிட மருந்தை அளந்து கலக்கும் நேரமே ஆபத்தானது, ஏனெனில் அப்போது கையில் இருப்பது நீர் கலக்காத முழுச் செறிவு. முழங்கைவரை நீளும் தடித்த நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறைகளையே நான் தொடர்ந்து பயன்படுத்துகிறேன். துணிக் கையுறையும் தோல் கையுறையும் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் முழுவதும் தோலோடு ஒட்டவைப்பதால், அவற்றைவிட வெறுங்கையே மேல் என்றுகூடச் சொல்லலாம். வெறுங்கையையாவது உடனே கழுவத் தோன்றும். மருத்துவமனைகளில் பயன்படும் மெல்லிய கையுறை, தெளிகுழலைப் பிடித்து வேலை செய்தால் சீக்கிரமே கிழிகிறது. தாழ்ந்த பயிருக்குத் தெளிக்கும்போது சட்டைக்கையைக் கையுறையின் மேல் விட வேண்டும். பருத்தி உயர்ந்து கையைத் தூக்கித் தெளிக்கும்போது கையுறையைச் சட்டைக்கையின் மேல் ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் வழியும் துளிகள் நேராக உள்ளே இறங்கிவிடும். காலுக்கு எப்போதும் கால்சட்டை, ரப்பர் காலணிக்கு வெளியே தொங்க வேண்டும். கையுறையைக் கழற்றுமுன் கையிலேயே வைத்துச் சோப்பு நீரில் கழுவிவிட்டுக் கழற்றுவது பழக்கமாகிவிட்டால், ஒரு சோடி ஒரு பட்டம் முழுவதும் தாராளமாக வரும்.

முகக்கவசத்தைப் பற்றி எனக்குக் கலவையான கருத்தே உண்டு. மருந்தின் ஆவியை உறிஞ்சும் கரிமவாயு வடிகுப்பியும் துகள் வடிகட்டியும் கொண்ட அரைமுகக் கவசம் தரத்தில் குறையில்லாதது; ஆனால் காலை ஒன்பதரைக்கு மேல் கரிசல் காட்டில் அதை அணிந்து நடப்பது, மூச்சுக்கு வரி கட்டுவது போல இருக்கும். தாடி வைத்தவர்களுக்கு அது சரியாகப் பொருந்துவதுமில்லை. வடிகுப்பியைக் காற்றுப் புகாத பையில் மூடி வைக்காமல் கொட்டகையில் தொங்கவிட்டால், பயன்படுத்தாமலேயே அதன் ஆற்றல் தீர்ந்துவிடுகிறது. எனவே அதைக் கலக்கும் நேரத்துக்கும் உயர்ந்த பருத்திக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, தாழ்ந்த மக்காச்சோளத்துக்கு என்-95 வகைக் கவசத்தையும் கண்ணாடியையும் அணிகிறேன். என்-95 துளிகளைத் தடுக்குமே தவிர ஆவியைத் தடுக்காது. முகத்தில் சுற்றும் துண்டு இரண்டையும் தடுக்காததோடு, நனைந்தபின் மருந்தை வாயருகிலேயே பிடித்து வைக்கிறது. அதைப் பாதுகாப்பு என்று கருதுவது தவறு. இவை எல்லாவற்றையும்விட நேரத்தேர்வே மூச்சுக்குப் பெரிய காப்பாக இருந்திருக்கிறது: இளங்காலையில் மெல்லிய காற்று ஒரே திசையில் வீசும்போது, காற்றுக்குக் குறுக்காக நடந்து, தெளித்த பகுதிக்குள் திரும்ப நுழையாமல் முடிப்பது. பருத்தி பூத்திருக்கும் வாரங்களில் மட்டும் தேனீக்களை முன்னிட்டு மாலைக்கு மாற்றிக்கொள்கிறேன்.

தெளிப்புக்கென்று தனியாக வைத்த உடையை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியே ஊறவைத்து, கையுறை அணிந்து துவைக்க வேண்டும். காட்டுக்கே வராத இல்லத்துப் பெண்கள் மருந்துக்கு ஆளாவது பெரும்பாலும் இந்தத் துணிகளின் வழியாகத்தான். எங்கள் வீட்டில் என் உடையை நானே துவைப்பது என்று வைத்துக்கொண்டோம்.

சாதனங்கள் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும் கூலிமுறை அவற்றை வீணாக்கிவிடும். எங்கள் பகுதியில் மருந்து அடிக்க வரும் ஆட்களுக்கு டேங்குக் கணக்கில் கூலி கொடுப்பது வழக்கம். அதிக டேங்கு அடித்தால் அதிகக் கூலி என்னும்போது, துளை பெரிதான நாசிலும் வேகமான நடையும் கையுறையைக் கழற்றி எறிவதும் அவருக்கு லாபம். அந்த லாபத்தின் விலையை அவருடைய உடல் கொடுக்கிறது. நாள் கூலியாகவோ ஏக்கர் கணக்கிலோ கொடுத்து, உடையையும் கையுறையையும் நிலத்துக்காரரே தந்து, காலையோடு வேலையை நிறுத்திவிட்டால் அதே ஆட்கள் எந்த வற்புறுத்தலும் இன்றி அவற்றை அணிகிறார்கள். விழிப்புணர்வு இல்லாததால்தான் தொழிலாளர்கள் கவசம் அணிவதில்லை என்று சொல்லப்படுவதை நான் முழுமையாக ஏற்கவில்லை.

மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் புட்டியின் மேலுள்ள நிற முக்கோணத்தைப் பலரும் இப்போது பார்க்கிறார்கள் என்பது நல்ல மாற்றம். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறைந்துகொண்டே வரும். ஆனால் அந்த நிறம் மனிதருக்கு உடனடியாக நேரும் நச்சுத்தன்மையை மட்டுமே குறிக்கிறது. குளோரான்ட்ரனிலிபுரோல் பச்சை முக்கோண மருந்துதான் என்றாலும் பட்டுப்புழுவுக்கும் நீர்வாழ் சிற்றுயிர்களுக்கும் கொடியது. பக்கத்தில் மல்பெரித் தோட்டமோ ஏரியோ இருந்தால் பச்சை நிறத்தை நம்பிக் காற்றில் பறக்கவிடக் கூடாது. கடைக்காரர் சொல்லும் கலவைகளை நான் தவிர்க்கிறேன். ஒரு தெளிப்புக்கு ஒரே மருந்து, அடுத்த தெளிப்புக்கு வேறு வகையில் செயல்படும் மருந்து என்பதே வழக்கம். கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய, லேபிளில் உள்ள காத்திருப்பு நாட்களை, குறிப்பாக மக்காச்சோளத் தட்டையை மாட்டுக்குப் போடுமுன், கணக்கிட்டே ஆக வேண்டும்.

மக்காச்சோளத்தில் தெளிப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்ததில் பெரும்பங்கு, படைப்புழுவுக்கான தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகளுக்கு உண்டு: கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு, விதைநேர்த்தி, வரப்பில் தட்டைப்பயறு, ஆண் அந்துப்பூச்சிகளை ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறிகள் ஏக்கருக்கு 5. வயலில் ஐந்து இடங்களில் இருபது இருபது செடிகளைப் பார்த்து, இளங்குருத்துப் பருவத்தில் நூற்றுக்குப் பத்துச் செடிகள் அளவுக்குச் சேதம் தெரிந்தால்தான் டேங்கில் தண்ணீர் பிடிக்கிறேன். முதல் தெளிப்புக்கு வேம்பு சார்ந்த அசாடிராக்டினே பல ஆண்டுகளில் போதுமானதாக இருந்தது. மழை பிந்திய ஆண்டுகளில் அது போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மீதமான மருந்தைப் பூட்டக்கூடிய இரும்புப் பெட்டியில் வைப்பது திருட்டுக்காக அல்ல. 2023 தொடக்கத்தில் மோனோகுரோட்டோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்குத் தமிழ்நாடு அரசு 60 நாள் தற்காலிகத் தடை விதித்ததே தற்கொலைகளைத் தடுப்பதற்காகத்தான். கைக்கெட்டும் தூரத்தில் புட்டி இல்லாதிருப்பது ஒரு வீட்டில் எவ்வளவு முக்கியம் என்பதை அந்தத் தடை எல்லோருக்கும் நினைவூட்டியது. தேவைக்கு மட்டும் சிறிய அளவில் வாங்கினால் பெட்டியும் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். காலிப் புட்டியை மூன்றுமுறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, புட்டியில் துளையிட்டுவிடுகிறேன். அதன்பின் அவற்றை ஒப்படைக்க எங்கள் பகுதியில் முறையான சேகரிப்பு இடம் இல்லை. சாக்கில் கட்டித் தனியே வைத்திருப்பதைத் தவிர வேறு வழி அமையவில்லை. இந்த ஒன்றில் விவசாயியை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

தெளிப்பவருக்குத் தலைச்சுற்றல், வாந்தி, அளவுமீறிய வியர்வை, உமிழ்நீர் ஒழுகல், கண்பாவை சுருங்குதல் ஆகியவற்றுள் எது தெரிந்தாலும் உடையைக் கழற்றி, சோப்பு நீரால் உடலைக் கழுவி, 108-ஐ அழைக்க வேண்டும். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் வகைக்கு முறிவு மருந்தாக அட்ரோபின் உண்டு, பாராகுவாட் களைக்கொல்லிக்கு முறிவு மருந்தே இல்லை. ஆகவே புட்டியையோ லேபிளையோ உடன் கொண்டுபோவது மருத்துவரின் வேலையைப் பாதியாகக் குறைக்கும். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையிலுள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117 இரவு பகல் இயங்குகிறது. அதை மருந்துப் பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

புதிதாக வாங்குவோர் குறைந்த பணத்தில் தொடங்குவதானால் நைட்ரைல் கையுறை, அளவுக் குவளை, மாற்று வளையங்கள், நல்ல நாசில், கண்ணாடி என்ற வரிசையில் வாங்கலாம். வடிகுப்பிக் கவசத்தை உயர்ந்த பயிர் உள்ளவர்கள் அடுத்ததாகச் சேர்க்கலாம். முழு உடலையும் மூடும் நெகிழித்தாள் அங்கியை நான் வாங்கிப் பயன்படுத்திப் பார்த்துக் கைவிட்டேன். நம் வெயிலுக்கு அது ஆகாது. முழுக்கைப் பருத்திச் சட்டையும், முதுகுக்கும் தெளிப்பானுக்கும் இடையில் கட்டும் நீர்புகாத் தாளும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.