கேஷ்பேக்கா, புள்ளிகளா? இருவகைக் கடன் அட்டைகளையும் பல ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

ஆண்டுக் கட்டணம் இல்லாமல் எல்லாச் செலவுக்கும் ஒரே விகிதத்தில் கேஷ்பேக் (செலவழித்த தொகையில் ஒரு சிறு பங்கைத் திருப்பித் தருவது) தரும் ஓர் அட்டையையும், கட்டணம் வாங்கிக்கொண்டு புள்ளிகள் வழங்கும் இன்னோர் அட்டையையும் பல ஆண்டுகளாக ஒருசேரப் பயன்படுத்தி வருகிறேன். விளம்பரத்தில் சொல்லப்பட்ட விகிதங்களின்படி புள்ளி அட்டைதான் முன்னால் நின்றது. ஆண்டு முடிவில், உண்மையில் கிடைத்த பலனிலிருந்து கட்டணத்தைக் கழித்து, மீதியை அந்த ஆண்டின் மொத்தச் செலவால் வகுத்துப் பார்த்தபோது வரிசை தலைகீழானது. ஓர் அட்டை நமக்கு இலாபமா என்பதை அறிய இந்த ஒரு வகுத்தலைவிட நம்பகமான வழியை நான் இதுவரை காணவில்லை.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால், எந்த வாக்குறுதியை எவ்வளவு நம்பலாம் என்பதும் விளங்கும். நாம் அட்டையில் செலுத்தும் ஒவ்வொரு தொகையிலும் கடைக்காரர் ஒரு சிறு பங்கைக் கட்டணமாக இழக்கிறார். அதில் ஒரு பகுதி, பரிமாற்றக் கட்டணம் என்ற பெயரில், அட்டையை வழங்கிய வங்கிக்குப் போய்ச் சேருகிறது. இதனுடன், நிலுவை வைப்பவர்கள் கட்டும் வட்டியும் ஆண்டுக் கட்டணங்களும் சேர்ந்துதான் வெகுமதிகளுக்கான நிதியாகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இயற்றிய சட்டத்தின் மூலம், தனிநபர் கடன் அட்டைகளுக்கான பரிமாற்றக் கட்டணத்துக்கு 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு விதித்தது; அத்தகைய சந்தையில் தாராளமான கேஷ்பேக்கை எதிர்பார்ப்பதற்கில்லை. வரம்பு இல்லாத இடங்களிலும், ஐந்து சதவீதம், பத்து சதவீதம் என்று ஓர் அட்டை சொன்னால், அதற்கு மாத உச்சவரம்பு ஒன்று இருக்கும், அல்லது குறிப்பிட்ட ஒரு நிறுவனம் தன் விற்பனைக்காக அந்தச் செலவைப் பகிர்ந்துகொண்டிருக்கும். அந்த உச்சவரம்பைத் தாண்டிய செலவுக்கு என்ன விகிதம் என்பதைத்தான் நான் முதலில் தேடிப் படிப்பேன்.

புள்ளி அட்டையில் விகிதம் எப்படிக் கரைகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ‘ஒவ்வொரு 150க்கும் 4 புள்ளிகள்’ என்று ஒரு விதி இருப்பதாகக் கொள்வோம். ஒரு புள்ளியின் மதிப்பு 0.25 என்றால் பலன் ஏறத்தாழ 0.67 சதவீதம். ஆனால் பல அட்டைகளில் இந்தக் கணக்கு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனித்தனியாக, மீதியைத் தள்ளிவிட்டுப் போடப்படுகிறது. 149க்குப் பொருள் வாங்கினால் ஒரு புள்ளிகூட இல்லை. 290க்கு வாங்கினாலும் அதே 4 புள்ளிகள்தான், அதாவது சுமார் 0.34 சதவீதம். சிறு தொகைகளாகச் செலவு செய்பவருக்கு விளம்பர விகிதத்தில் பாதிகூடக் கைக்கு வராமல் போகலாம். இதற்கு மேல், வாடகை, எரிபொருள், காப்பீடு, அரசுக்குச் செலுத்தும் தொகைகள், மின்பணப்பையில் போடும் பணம் போன்றவற்றில் சிலவற்றையோ பலவற்றையோ விலக்கிவைக்கும் பட்டியல் ஒன்றும் இருக்கும். குடும்பச் செலவில் பெரிய பங்கு இவற்றில்தான் போகிறது என்றால், முன்பக்கத்தில் அச்சிட்ட விகிதத்தைவிட அந்தப் பட்டியலே முக்கியமானது.

குறிப்பிட்ட வகைச் செலவுக்குக் கூடுதல் பலன் தரும் அட்டைகளில் இன்னொரு நுட்பம் உண்டு. வங்கிக்கு நாம் என்ன வாங்கினோம் என்பது தெரியாது. கடைக்கு ஒதுக்கப்பட்ட நான்கு இலக்க வணிகக் குறியீட்டைப் பார்த்துத்தான் அது பெரும்பாலும் செலவின் வகையை முடிவுசெய்கிறது. பல்பொருள் அங்காடி ஒன்றில் மளிகை மட்டும் வாங்கினாலும், அந்தக் கடை வேறு குறியீட்டில் பதிவாகியிருந்தால் மளிகைக்கான கூடுதல் பலன் கிடைக்காது. இடைநிலைச் செயலி ஒன்றின் வழியாகச் செலுத்தும்போதும் குறியீடு மாறிவிடலாம். புதிய கடையில் பெருந்தொகை செலவிடுவதற்கு முன் ஒரு சிறு தொகையைச் செலுத்தி, ஸ்டேட்மென்டில் என்ன பலன் பதிவாகிறது என்று பார்த்துக்கொள்வது என் வழக்கம். இது சற்று அதிகப்படியான எச்சரிக்கையாகத் தோன்றலாம்; ஆயினும் வாடிக்கையாளர் சேவை மையத்தின் பதில்களைவிடத் தெளிவான விடை இதில் கிடைக்கிறது.

புள்ளிகளை மாற்றும் வழியைப் பொறுத்தும் அவற்றின் மதிப்பு வேறுபடும். விமானப் பயணத் திட்டத்துக்கு மாற்றினால் ஒரு மதிப்பு, பரிசுக் கூப்பனாகப் பெற்றால் அதைவிடக் குறைவு, பொருள் பட்டியலிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் எல்லாவற்றிலும் குறைவு. அந்த மதிப்பை நிர்ணயிக்கும் உரிமை முழுவதும் வழங்குபவரிடம் இருக்கிறது. நான் வைத்திருக்கும் புள்ளி அட்டையின் வங்கி, இடையில் ஓர் அறிவிப்பு அனுப்பி மாற்று விகிதத்தைக் குறைத்தது. அதே பயணச்சீட்டுக்கு முன்னைவிட அதிகப் புள்ளிகள் தேவைப்பட்டன. புள்ளிகளைச் சேமித்து வைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைந்தது அப்போதிலிருந்துதான். வட்டியும் தராத, காலாவதியாகக்கூடிய, மதிப்பு குறைக்கப்படக்கூடிய ஒன்றைச் சொத்தாகக் கருதுவது பொருந்தாது. கேஷ்பேக் அட்டையில் தொகை தானாகவே பில்லில் கழிக்கப்படுவதால் இந்தக் கவலை எழவே இல்லை.

ஆண்டுக் கட்டணத்தின் கணக்கு எளிது. கட்டணமில்லா அட்டை 1 சதவீதமும், 1,000 கட்டணம் கொண்ட அட்டை உண்மையில் 2 சதவீதமும் தருகின்றன என்றால், ஆண்டுச் செலவு 1,00,000ஐத் தாண்டிய பிறகுதான் இரண்டாவது அட்டை முந்துகிறது. குறிப்பிட்ட தொகை செலவிட்டால் கட்டணம் தள்ளுபடி என்ற சலுகை, அந்தச் செலவு எப்படியும் நடக்கவிருந்ததாக இருந்தால் மட்டுமே சலுகை. புதிதாகச் சேர்பவருக்கான வரவேற்பு வெகுமதிக்கும் இதுவே பொருந்தும். அதை முதலாண்டின் வருமானமாகத் தனியே வைத்துவிட்டு, இரண்டாம் ஆண்டின் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இவையனைத்தும் பில் தொகையை முழுமையாக, உரிய தேதிக்குள் கட்டுபவருக்கான கணக்குகள். மாத வட்டி 3 சதவீதம் என்றால், ஒரு மாத நிலுவையே 1.5 சதவீத கேஷ்பேக்கைப் போல இரு மடங்கை எடுத்துக்கொண்டுவிடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், பல அட்டைகளில் பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படுவதோடு, புதிய செலவுகளும் வட்டியில்லாக் காலத்தை இழக்கின்றன. நிலுவை வைக்கும் தேவை உள்ளவர் வெகுமதியைப் பார்க்காமல், வட்டி குறைந்த அட்டையைத் தேடுவதே சரி. நானோ முழுத் தொகையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி ஏற்பாடு செய்திருக்கிறேன். அட்டையில் ரொக்கம் எடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதற்குக் கட்டணமும் உண்டு, பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே வட்டியும் உண்டு.

இப்போது அன்றாடச் செலவு முழுவதும் கேஷ்பேக் அட்டையில்தான் போகிறது. புள்ளி அட்டையைப் பயணச் செலவுகளுக்கு மட்டும் வைத்திருக்கிறேன், அதுவும் வெளிநாட்டு நாணயப் பரிவர்த்தனைக்கு அது வாங்கும் கூடுதல் கட்டணம் மற்றதைவிடக் குறைவு என்பதால். புதுப்பிப்புக் கட்டணம் பில்லில் ஏறுவதற்கு முந்தைய மாதம் ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்பேன். கழித்தபின் எதுவும் மிஞ்சவில்லை என்றால், முதலில் புள்ளிகளை முழுவதும் மாற்றிக்கொண்டு, அதன் பிறகே அட்டையை மூடக் கோருவேன், ஏனெனில் கணக்கை மூடியதும் மீதிப் புள்ளிகள் பெரும்பாலும் இரத்தாகிவிடுகின்றன.