பிஆர் ஏஜென்சியா, உள்ளேயே ஐந்து பேரா?

ராத்திரி 11 மணிக்குத் துணி குடோனில் தீப்பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோடைக்காலம் என்றால் அப்போது ஜெர்மனியில் மாலை ஏழரை, நியூயார்க்கில் மதியம் ஒன்றரை. பக்கத்துக் கம்பெனி நைட் ஷிப்ட் ஆள் எடுத்த வீடியோ பத்து நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் நம் மெர்சண்டைசர் தூங்கிக்கொண்டிருப்பார், அங்கே நம் துணியை வாங்கும் பையர் முழித்துக்கொண்டிருப்பார். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் யார் பேசுவது, என்ன பேசுவது என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் நெருக்கடிக் காலத் தகவல் திட்டம். ஐஎஸ்ஓ தரச்சான்று ஃபைலுக்குப் பக்கத்தில் சும்மா அடுக்கி வைக்கிற சமாச்சாரம் இல்லை.

திருப்பூர், கோவை, ஈரோடு வட்டாரத்தில் சில நூறு முதல் இரண்டாயிரம் பேர் வரை வேலை செய்யும் கம்பெனிகளுக்கு முன்னால் இருப்பது இரண்டு வழி. சென்னையிலோ பெங்களூருவிலோ உள்ள பிஆர் (மக்கள் தொடர்பு) ஏஜென்சிக்கு மாதாமாதம் பணம் கட்டி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். அல்லது உள்ளேயே ஐந்து பேரைப் பழக்கி, வெளியே ஒரு வக்கீலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் எடுத்தது இரண்டாவது. அதனால் தராசு அந்தப் பக்கம்தான் சாயும், தெரிந்தே படியுங்கள்.

ஏஜென்சியின் பலம் ஊரறிந்தது: டிவி, பத்திரிகை ஆட்களின் பழக்கம், சுத்தமான ஆங்கில அறிக்கை, சமூக ஊடகத்தை நாள் முழுக்கக் கவனிக்க ஆட்கள். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் மூன்று இடத்தை விரல் வைத்துப் படித்துவிடுங்கள். நெருக்கடி வேலை மாதக் கட்டணத்துக்குள் வருகிறதா, அன்றைக்குத் தனி பில்லா? ஞாயிறு ராத்திரி எத்தனை நிமிஷத்தில் போன் எடுப்பார்கள்? நம் பையரோ, நம் போட்டிக் கம்பெனியோ அவர்களுக்கும் வாடிக்கையாளரா? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

உள்குழுவில் ஐந்து பேர் போதும். முதலாளி, எச்ஆர் மேலாளர், பாதுகாப்பு அல்லது புரொடக்‌ஷன் பொறுப்பாளர், பையர்களோடு தினமும் பேசும் மூத்த மெர்சண்டைசர், வடமாநிலத் தொழிலாளர்களின் மொழி பேசும் சூப்பர்வைசர் ஒருவர். முதலாளி விமானத்தில் இருந்தால் யார் முடிவெடுப்பது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பத்திரிகையிடம் பேசுபவர் முதலாளியாக இல்லாமலிருப்பது நல்லது. வேறொருவர் வாய் தவறினால் முதலாளி வந்து திருத்தலாம். முதலாளியே தவறினால் திருத்த ஆளில்லை.

முதல் 15 நிமிஷத்தில் ஐந்து பேரும் ஒரே போன் அழைப்பில் வர வேண்டும். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ‘உறுதியானது’ இடது பக்கம், ‘கேள்விப்பட்டது’ வலது பக்கம். இடது பக்கத்தில் இருப்பது மட்டுமே வெளியே போகும். ஒரு மணி நேரத்துக்குள் முதல் அறிக்கை, இந்த அளவுக்கு: “இன்று இரவு 11 மணியளவில் எங்கள் துணி குடோனில் தீ ஏற்பட்டது. உள்ளே இருந்தவர்களை வெளியேற்றி, ஷிப்ட் பதிவேட்டை வைத்துத் தலைக்கணக்கு எடுத்து வருகிறோம். தீயணைப்புத் துறையினர் பணியில் இருக்கிறார்கள். அடுத்த தகவலை 1 மணிக்கு இதே எண்ணிலிருந்து தருவோம்.” அவ்வளவுதான். 1 மணிக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும், அதையே 1 மணிக்குச் சொல்லியாக வேண்டும்.

இங்கே கை வழுக்கும் இடம் காரணம் சொல்வது. கேட்டதும் ‘மின்கசிவு’ என்று வாயில் வந்துவிடும். நாளைக்குத் தீயணைப்புத் துறை அறிக்கையிலோ இன்சூரன்ஸ் சர்வேயர் அறிக்கையிலோ வேறு காரணம் வந்தால் பேரும் போகும், கிளைமும் இழுத்தடிக்கும். காயமடைந்தவர் பெயரை அவர் வீட்டுக்குச் சொல்லும் முன் வெளியிடக் கூடாது. வீடு ஒடிசாவில் என்றால் அந்த முதல் போன் ஒடியாவில் போக வேண்டும். ‘வருந்துகிறோம்’ என்ற சொல்லைக்கூட வக்கீல் நீக்கப் பார்ப்பார். வருத்தம் தெரிவிப்பது வேறு, தப்பை ஒப்புக்கொள்வது வேறு என்று அவரிடம் பேசி, மாதிரி அறிக்கையிலேயே அந்தச் சொல்லுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வைத்துவிடுங்கள்.

கேட்டில் நிற்கும் வாட்ச்மேனை மறக்க வேண்டாம். நிருபர் முதலில் பார்ப்பது அவரைத்தான். “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்று அவர் சொன்னால், காலையில் ‘நிர்வாகத் தரப்பில் பதில் இல்லை’ என்று அச்சில் வரும். “அரை மணி நேரத்துல ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வந்து பேசுவாருங்க, அதுவரைக்கும் இந்த நம்பர்ல கூப்பிடுங்க” என்ற ஒரு வாக்கியமும், அந்த எண் அச்சடித்த அட்டையும் கேட் அறையில் இருந்தால் போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த ஏஜென்சியும் எழுதிக் கொடுத்துவிடும், நம்மைவிட அழகாகவே. எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. திட்டம் சாவது எழுதிய ஆறாவது மாதத்தில். பனியன் கம்பெனிகளில் மெர்சண்டைசர் அவிநாசி ரோட்டில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறுவது சாதாரணம். எச்ஆர் மாறுவார், லேபர் கான்ட்ராக்டர் மாறுவார், பையர் பக்கத்திலும் ஆள் மாறுவார். ஏஜென்சி வைத்திருக்கும் பட்டியலில் பழைய பெயர்களே இருக்கும். நாம் சொல்லாமல் அவர்களுக்குத் தெரிய வழியில்லை, நாமோ சொல்ல மாட்டோம்.

போன் எண்ணாவது பரவாயில்லை. ஃபேஸ்புக் பக்கம், கூகுள் மேப் பதிவு, கம்பெனி மெயில் நிர்வாகக் கணக்கு ஆகியவற்றின் ஓடிபி யாருடைய செல்லுக்குப் போகிறது என்று இன்றைக்கே பாருங்கள். பல இடங்களில் அது இரண்டு வருஷம் முன்பு வேலையை விட்டுப் போனவரின் சொந்த நம்பராக இருக்கும். அறிக்கை தயார், போடுவதற்குக் கணக்கைத் திறக்க முடியாது. தொழிலாளர் வாட்ஸ்அப் குரூப்பின் ஒரே அட்மின் பழைய சூப்பர்வைசர் என்பதும் இதே ரகம். ஓடிபி-க்கென்று கம்பெனி பெயரில் ஒரு சிம், சாதா போன் ஒன்று, அதை வைத்துப் பூட்டும் பெட்டிக்கு எச்ஆரிடம் ஒன்றும் நைட் ஷிப்ட் பொறுப்பாளரிடம் ஒன்றுமாக இரண்டு சாவி. செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை பட்டியலில் உள்ள எல்லா எண்ணையும் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். இருபது எண் என்றால் முக்கால் மணி நேரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரப் பயிற்சி: மூடிய உறையில் ஒரு சம்பவம், ஐந்து பேர், ஒரு கடிகாரம். சாயக்கழிவு வீடியோ ஒரு தடவை, ஹாஸ்டல் உணவில் வாந்தி பேதி ஒரு தடவை, பையருக்குப் போன போலி வங்கிக் கணக்கு மெயில் ஒரு தடவை. மெயில் திருட்டுக்குப் பேச்சோடு சட்டக் கெடுவும் உண்டு: 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, பட்டியலிட்ட இணையச் சம்பவங்கள் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பாலியல் புகார் என்றால் நேர்மாறு. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டத்தின் 16-வது பிரிவு புகார்தாரர், எதிர்தரப்பு, சாட்சி யாருடைய அடையாளமும் வெளியே போகக் கூடாது என்கிறது. ஏஜென்சிக்கு அனுப்பும் மெயிலிலும் பெயர் இருக்கக் கூடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பிஹார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, தமிழ்நாடு டிஜிபியே காணொளியில் மறுத்தார், பிஹார் அரசு குழு அனுப்பியது. ஆனால் ஹாஸ்டலில் பெட்டி கட்டுகிறவரை நிறுத்துவது சென்னையில் தயாராகும் அறிக்கை அல்ல. தினமும் பார்க்கும் லைன் சூப்பர்வைசர் இந்தியில் அனுப்பும் முப்பது விநாடி வாய்ஸ் நோட்டுக்குத்தான் அந்த இடத்தில் மதிப்பு.

தொழில் உரிமையாளர்கள் சங்கம் இருக்கிறதே என்பார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன மாதிரி, தொழில் முழுவதையும் தொடும் விஷயத்தில் சங்கம் பேசுவதே சரி, தனிக் கம்பெனி வாய் திறப்பது வீண். நம் ஒருவர் கூரை எரியும்போது சங்கம் நமக்காக அறிக்கை விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால் என் வாதம் பலவீனமாகிறது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி 30-ன்படி உள்ளிருந்து எழும் முக்கிய நிகழ்வை 12 மணி நேரத்தில், வெளியிலிருந்து வருவதை 24 மணி நேரத்தில் சொல்லியாக வேண்டும். அங்கே வெளி நிபுணர் தேவை. தேசிய ஆங்கில சேனல்கள் கையில் எடுக்கும் அளவுக்குப் போன விவகாரத்தில் ஐந்து பேர் தாங்குவார்களா என்பதிலும் அடித்துச் சொல்லும் அளவுக்கு அனுபவம் கிடையாது. அதற்காக மாதக் கட்டணம் கட்டுவதைவிட, வருஷத்துக்கு இரண்டு நாள் ஏஜென்சியை வரவழைத்துப் பேசுபவருக்குக் கேமரா முன் பயிற்சி வாங்கிக்கொள்ளலாம். நெருக்கடி வந்தால் மணிக்கு எவ்வளவு என்ற கட்டணத்தையும் அப்போதே எழுதி வாங்கி, அந்தத் தாளைப் போன் பட்டியலின் பின்பக்கம் ஸ்டேப்ளர் அடித்து வைத்துவிடுங்கள்.