நீலத் தறப்பாள், ரோசாத் தறப்பாள்: ஒரு சாம்பல் அட்டை மதிப்புரை

படத்தில் நிறத்தைச் சரிசெய்ய உதவும் சாம்பல் அட்டை, பெயர் போடாத சரக்கு இது. வங்கி அட்டை அளவில் மூன்று பிளாஸ்டிக் துண்டுகள்: வெள்ளை, சாம்பல், கறுப்பு. கழுத்தில் தொங்கவிட ஒரு பட்டி. இணையக் கடை ஒன்றில் இரண்டாயிரம் ரூபாவுக்குள் முடிந்தது. கூரியரில் கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தது. இரண்டு செட் எடுத்தேன். ஒன்று என்னிடம். மற்றதை ஊருக்கு வந்திருந்த மச்சாள் கனடாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து விடுமுறைக்கு மெக்சிகோ போனபோது பையில் போட்டுக்கொண்டாள். அவள் எடுத்த ரோ கோப்புகளை, அதாவது கமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் படங்களை, திருத்திக் கொடுப்பது என் வேலை. ஆகவே ஒரே அட்டையை இரண்டு நாட்டுச் சந்தையிலும் பார்த்தாயிற்று.

சந்தையைப் படம் எடுக்க லென்ஸ் வாங்கு, புதுக் கமரா வாங்கு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குத் தலையிடி கொடுத்தது தறப்பாள். வன்னியில் தறப்பாளைப் பற்றி யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதற்குக் கீழே குடியிருந்த சனம் நாங்கள். இப்போது அது வீதியோர வியாபாரிகளின் தலைக்கு மேல் நிற்கிறது. உச்சி வெயில் நீலத் தறப்பாளினூடாக இறங்கினால் கீழே கிடக்கும் கத்தரிக்காய், பயற்றங்காய், வியாபாரியின் முகம் எல்லாவற்றிலும் நீலம் ஏறும். நேரில் நிற்கும்போது அது பெரிதாகத் தெரியாது, கண்ணும் மூளையும் சேர்ந்து பழகிவிடும். கமரா பழகாது, ஊகிக்கும். பப்பாசிப்பழம் நிறைந்த படத்தில் ஒரு மாதிரி, பயற்றங்காய்க் கட்டு நிறைந்த படத்தில் இன்னொரு மாதிரி. ஒரே கடை, ஒரே வெளிச்சம், ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு ஊர்ப் படம் போல இருக்கும்.

சாம்பல் அட்டைக்குச் சொந்த நிறம் இல்லை. விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 18 சதவீதத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பாகுபாடு பார்க்காமல் திருப்பி அனுப்பும். மரக்கறிக்கு மேல், அதே தறப்பாளுக்குக் கீழே பிடித்து ஒரு படம் எடுத்துவிட்டால், பிறகு திருத்தும்போது அந்தச் சாம்பலில் ஒருமுறை தொட்டால் போதும். மென்பொருள் ஏறிய நீலத்தைக் கழித்துவிடும். போனில் எடுப்பவர்களுக்கும் உதவும். ஸ்னாப்சீட் என்ற படம் திருத்தும் செயலியில், நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலைப் (white balance) பகுதியில் இதே வேலைக்கு ஒரு துளிக்குழாய்ச் சின்னம் இருக்கிறது. அடுத்த கடைக்கு நகர்ந்தால், தறப்பாள் மாறினால், திரும்ப ஒன்று எடுக்கவேண்டும். சோம்பல்பட்டால் காசு வீண்.

இதில் எதிர்பாராத இலாபம் ஒன்று. அட்டையை நீட்டினால் கதை தொடங்கிவிடும்.

"என்ன தம்பி, விலை எழுதி வைக்கப் போறியளோ?"

"இல்லையக்கா, நிறம் பாக்கிறன்."

"கத்தரிக்காய்க்குக் கத்தரிக்காய் நிறந்தான்."

சொல்லிவிட்டு அட்டையை வாங்கி அவரே பிடித்துக்கொண்டார். கமராவோடு வந்துபோனவர்கள் இங்கே கனபேர். எடுத்த படம் எங்கே போனதென்று எடுக்கப்பட்டவர்களுக்குத் தெரியாது. அதனால் வாங்கவேண்டியதை வாங்கி, கேட்டு, பிறகுதான் எடுப்பேன். மெக்சிகோவிலும் கேட்காமல் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் நிறைய என்றாள் மச்சாள். அங்கே சியாப்பாஸ் மாநிலத்தில் சான் ஹுவான் சாமுலா என்ற ஊரின் தேவாலயத்துக்குள் படம் எடுப்பதே தடை.

சரி, அவளுடைய படங்கள். மெக்சிகோ நகரத்தின் தெருச் சந்தைகளில் தறப்பாள் பெரும்பாலும் அடித்துச் சொல்கிற ரோசா நிறம். அதற்குக் கீழே தக்காளி நெருப்புப் போல எரிகிறது. ஆனால் அவர்கள் கறி சமைக்கும் கள்ளிமடல், நொப்பால், கறுத்துப்போய்க் கிடக்கிறது. ரோசாத் தறப்பாள் பச்சை வெளிச்சத்தைத் தின்றுவிடுவதால் மடலுக்குத் திருப்பி அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. அட்டையைத் தொட்டு முழுதாகத் திருத்தியபோது மடல் பச்சையானது, கூடவே நிழல்களில் மணல் தூவியது போலப் புள்ளிபுள்ளியாகப் பிசிறு வந்தது. அதைவிட மோசம், அந்தச் சந்தையின் களையே போய்விட்டது. பாதி மட்டும் திருத்தி விட்டேன். நீலம் பிணக்களை கொடுக்கும், அதை முழுதாக எடுக்கலாம். ரோசாவை அங்குள்ளவர்களே விரும்பித் தலைக்கு மேல் கட்டியிருக்கிறார்கள், அதை ஏன் நான் கழற்றவேண்டும்? எவ்வளவு திருத்துவதென்று அட்டை சொல்லாது.

வஹாக்கா நகரத்துக்குக் கிழக்கே திலாக்கொலூலாவில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பூவேலை செய்த ஏப்ரன் கட்டிய சப்போத்தெக் பழங்குடிப் பெண்கள், குவித்துவைத்த காய்ந்த மிளகாய், வறுத்த வெட்டுக்கிளி. காய்ந்த மிளகாய்க் குவியலை எங்கள் மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நியாயப்படி பார்த்தால் மிளகாய்க்கு அதுதான் தாய்வீடு, போர்த்துக்கேயர் கப்பலில் ஏறி எங்களிடம் வந்தது. திருத்திய பிறகு இரண்டும் வேறு வேறு சிவப்பு என்று தெளிவாகத் தெரிந்தது: அவர்களின் குவாஹீயோ மிளகாய் கருஞ்சிவப்பு, எங்களுடையது செங்கல் பக்கம் சாய்ந்த சிவப்பு. தறப்பாள் ஏற்றிய நிறத்தோடு பார்த்திருந்தால் இது பிடிபட்டிருக்காது.

அட்டையை நம்பக்கூடாத இடங்களும் உண்டு. முதலாவது துலுக்கச் செவ்வந்தி, மேரிகோல்ட் என்பார்களே அது. அதுவும் மெக்சிகோச் செடிதான். நவம்பர் 1, 2 இல் இறந்தவர்களை நினைக்கும் நாட்களுக்காக அங்கே மலை மலையாக விற்கும். அட்டையை வைத்து ஒளியளந்து எடுத்தால் மொத்தப் படமும் சரியாக இருக்கும், பூவில் மட்டும் சிவப்பு நிரம்பி வழிந்து இதழ் தெரியாமல் ஒரே பூச்சாகிவிடும். அங்கே ஒளியைக் கொஞ்சம் குறைத்து, கமராவில் வெளிச்ச அளவை நிறவாரியாகக் காட்டும் வரைபடத்தில் (ஹிஸ்டோகிராம்) சிவப்பை மட்டும் பாருங்கள். கோயில் வாசல் மாலைக் கடைக்கும் இதே கணக்கு.

இரண்டாவது, பொழுதுபட்ட பிறகு மலிவு எல்ஈடி பல்ப். அந்த வெளிச்சத்தில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. அட்டை சாம்பலைச் சாம்பலாக்கித் தந்துவிடும், ஆனால் மீன் செவுளின் சிவப்பு வராது. வெளிச்சத்தில் இல்லாததை அட்டை எங்கிருந்து தரும்?

பொருளின் தரம் சுமார். சாம்பல் பக்கம் முழு மட்டாக இல்லை. சூரியனுக்குச் சாய்த்துப் பிடித்தால் பளபளத்து அளவு பிழைக்கும், கொஞ்சம் கீழ்நோக்கிப் பிடிக்கவேண்டும். வெயிலில் வெள்ளைத் துண்டு படத்தில் வெளிறி ஒரே வெள்ளையாகிவிடும், உதவாது. கறுப்பு எதற்கென்றே தெரியவில்லை. பட்டியின் கொளுக்கி முறிந்து இப்போது சணல் கயிற்றில் தொங்குகிறது. வியர்வை, மீன் தண்ணீர், புழுதி எல்லாம் பட்டும் நிறம் மாறவில்லை, துடைத்தால் போகிறது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அந்த நாலும் சாம்பல் துண்டுக்கு. தனியாக அதை மட்டும் விற்கும் கடை கண்ணில் பட்டால் அதையே வாங்குங்கள், உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. ரோவில் எடுக்காதவர்கள் வாங்க முன்னர் கமராவில் வெள்ளைச் சமநிலையைக் கையால் வைக்கும் வசதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அது இல்லாத கமராவாக இருந்தால், அந்தக் காசுக்கு முறிகண்டியில் கச்சான் வாங்கலாம்.