இருமலுக்குப் போனா குடும்பக் கதைய கேக்குற டாக்டர்: பாத்து போங்க

பனிக்காலத்துல யாரு இருமினாலும் சளிதான்னு முடிவு பண்ற டாக்டர்கிட்ட மாட்டிக்காதீங்க, அதுக்குதான் இந்தப் பதிவு. பேரு போட மாட்டேன்.

எனக்கு வறட்டு இருமல். சளி இல்ல, காய்ச்சல் இல்ல, தொண்டைக்குள்ள இறகு வச்சு வருடுற மாதிரி ஒரு அரிப்பு, ராத்திரி படுத்தா தூங்கவே விடாது. இத சொல்ல ஆரம்பிச்சேன், பாதியிலயே "தனியாவா வந்தீங்க, வீட்டுக்காரர் வரலையா?"ன்னாரு. பிரிஞ்சுட்டோம் சார்னேன். அவ்ளோதான், பிடிச்சுக்கிட்டாரு. ஏன் பிரிஞ்சீங்க, யாரு மேல தப்பு, டிவோர்ஸ் ஆயிடுச்சா, குழந்தை யாருகிட்ட இருக்கு, செலவுக்கு என்ன பண்றீங்கன்னு வரிசையா கேக்குறாரு, கதவு பாதி திறந்து கிடக்கு, அடுத்த பேஷண்ட் ரெண்டு பேரு உள்ளயே ஸ்டூல்ல உக்காந்து எங்க வீட்டு கதைய ஆர்வமா கேட்டுட்டு இருக்காங்க, நான் இருமிக்கிட்டே பதில் சொல்றேன். கடைசில "கொஞ்சம் அனுசரிச்சு போகலாம்ல"ன்னு அறிவுரை வேற.

சொந்த விஷயமே கேக்கக் கூடாதுன்னு சொல்லல. சிகரெட் பழக்கம் இருக்கா, எக்ஸ்ரே எடுக்கணும்னா கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கா, இதெல்லாம் கேட்டே ஆகணும், பதில வச்சு வைத்தியம் மாறும். யாரு மேல தப்புன்னு தெரிஞ்சா எந்த மருந்து மாறும்?

ஸ்டெத் வச்சாரு, அதுவும் ஸ்வெட்டர் மேலயே. கம்பளி உரசுற சத்தம்தான் கேட்டிருக்கும், நெஞ்சு சத்தம் எங்க கேக்கப் போகுது, தோல் மேல வச்சுதான் பாக்கணும். அப்புறம் ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு சிரப் எழுதி அனுப்பிட்டாரு. வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல!

கேட்டது யாரு தெரியுமா, மருந்துக்கடைக்காரர். சிரப்ப எடுத்து வச்சுட்டு "உங்களுக்கு பிரஷர் இருக்காம்மா?"ன்னாரு. ஆமா, ராமிப்ரில் சாப்பிடுறேன்னேன். சிரப்புல ஃபினைல்எஃப்ரின்னு ஒரு மூக்கடைப்பு மருந்து இருக்கு, பிரஷர ஏத்தலாம், வேற டாக்டர் ஒருத்தர்கிட்ட காட்டிட்டு வாங்கன்னு அதை திரும்ப உள்ளயே வச்சுட்டாரு. புண்ணியவான்.

அடுத்த டாக்டரம்மா கதவ சாத்திட்டு முதல்ல கேட்டதே மாத்திரை பேருதான். ராமிப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில்னு "ப்ரில்"ல முடியுற பிரஷர் மாத்திரைங்க சில பேருக்கு, அதுலயும் பொம்பளைங்களுக்கு கொஞ்சம் அதிகமாவே, இந்த வறட்டு இருமல கொண்டு வருமாம். பிராடிகைனின்னு ஒரு பொருள் உடம்புல உடைஞ்சு போகாம சேந்துடுது, அது தொண்டைய உறுத்துதுன்னு சொன்னாங்க. மாத்திரை ஆரம்பிச்ச உடனேயும் வரலாம், பல மாசம் கழிச்சும் வரலாம், அதனாலதான் யாருக்கும் சந்தேகமே வராது. ஆன்டிபயாட்டிக், இருமல் சிரப் எதுக்கும் அசையாது. "சார்ட்டான்" வகை பிரஷர் மாத்திரைக்கு மாத்திக் குடுத்தாங்க, பொதுவா 1 முதல் 4 வாரத்துல நிக்கும், சிலருக்கு 3 மாசம் வரைக்கும் இழுக்கும்னாங்க. எனக்கு இப்ப ராத்திரி தூக்கம் வருது.

இத படிச்சுட்டு யாரும் பிரஷர் மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லி மாத்துங்க. இந்த "ப்ரில்" மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு உதடு, நாக்கு, முகம் வீங்குச்சுன்னா மட்டும் இருமல் மாதிரி பொறுத்துட்டு இருக்க வேணாம், உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்க, மூச்சு அடைச்சுடும்.

அப்புறம் முதல் டாக்டர் குடுத்த சீட்ட வீட்டுக்கு வந்துதான் நிதானமா படிச்சேன். என்ன நோய்னு எழுதுற இடத்துல "சளி, குடும்பப் பிரச்சனை"ன்னு எழுதி கையெழுத்தும் போட்டிருக்காரு. அன்னிக்கு போட்ட லீவுக்கு ஆபீஸ்ல அந்த சீட்டைத்தான் கேக்குறாங்க.