பள்ளி வாசலில் வேகத்தடையா, வேகக் கேமராவா?

முதலில் பார்க்க வேண்டியது சாலை எந்த வகை என்பதை. கடலூர்–புதுச்சேரி சாலை போன்ற தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை போடக் கூடாது என்பதே பொது விதி. அங்கே கேமராதான் வழி. ஊருக்குள் இருக்கும் தெருவுக்கு வேகத்தடையே போதும், செலவும் குறைவு.

சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவுப்படி வேகத்தடை, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம்; மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வண்டி அலுங்காமல் கடக்கும். அதே உயரத்தை ஒரு மீட்டருக்குள் குவித்தால் ஆம்புலன்சில் படுத்திருப்பவர் பாடு திண்டாட்டம். எச்சரிக்கைப் பலகை 40 மீட்டர் முன்னால் வேண்டும். வெள்ளைப் பட்டை அழிந்தால் இரவில் பைக்காரர் விழுவார்.

கேமராவில் சிக்கல் வேறு மாதிரி. வேகத்தை அளக்கும் ரேடாரைச் சாலைக்கு 20 டிகிரி சாய்த்து வைத்துவிட்டு, அந்தக் கோணத்துக்கான திருத்தம் செய்யாவிட்டால் வேகம் 6 சதவீதம் குறைவாகக் காட்டும். கடற்காற்றின் உப்பு கண்ணாடியில் படியும்; துடைக்க ஆள் போடாவிட்டால் நம்பர் பிளேட் தெரியாது. கருவிக்கு ஆண்டுதோறும் ஒப்புதல் சான்றைப் புதுப்பிக்க வேண்டும், வேகம் மீறிய 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பெயர் மாற்றாமல் விற்ற பைக் என்றால் நோட்டீஸ் பழைய உரிமையாளருக்குத்தான் போகும்!

ஒற்றைக் கேமரா முன் பிரேக் பிடித்து, தாண்டியதும் முறுக்குவார்கள். இரண்டு கேமராக்களை 300 மீட்டர் இடைவெளியில் வைத்துச் சராசரி வேகம் பார்ப்பதே மேல்: மணிக்கு 25 கி.மீ. வரம்பில் அந்தத் தூரத்துக்குக் குறைந்தது 43 விநாடி ஆக வேண்டும்.